எப்ப குடிச்சனீங்கள்?

வாட்டுக்குப் புதிதாக வரும் நேர்ஸ் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது மருந்துகளின் பெயரை அல்ல. கட்டிலடிக்குப் போய், ஆளின் முகத்தைப் பார்த்து, "எப்ப குடிச்சனீங்கள்?" என்று கேட்கச் சொல்லுவேன். என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்பதையெல்லாம் கிளினிக் கொப்பி சொல்லும். எப்ப என்பதை அந்த ஆள்தான் சொல்ல வேணும். சில வேளை அவருக்கும் தெரியாது, பெண்சாதியைக் கேட்க வேணும்.

இதை நான் தாதியர் கல்லூரியில் படித்து வரவில்லை. ஒரு பிழை விட்டுத்தான் படித்தேன்.

வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாரிசவாதம் வந்து, விழுங்க ஏலாமல், மூக்கால் ரியூப் விட்டிருந்த ஒரு அப்பு. பிறஷருக்கு நிபெடிபின் எஸ்.ஆர். 20 மில்லிகிராம் எழுதியிருந்தது. ரியூப்பால் குளிசை போகாதுதானே. சின்ன உரலில் போட்டு மாவாக இடித்து, தண்ணீரில் கரைத்து, சிறிஞ்சால் விட்டேன். அடைக்காமல் போனதே என்று சந்தோஷமும் பட்டேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். அப்புவின் முகம் செம்பரத்தம்பூ மாதிரிச் சிவந்துபோய்க் கிடக்கிறது. காலையில் 170/100 இருந்த பிறஷர் இப்போது 90/50. காலை உயர்த்தி வைத்து, சேலைன் ஏற்றி, டொக்டர் வந்து, மத்தியானமாகும் வரைக்கும் நான் அந்தக் கட்டிலை விட்டு அசையவில்லை. அப்பு பிழைத்துக்கொண்டார். நான்தான் இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தேன்.

சிஸ்டர் எல்லாருக்கும் முன்னால் ஏசவில்லை. மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், அந்தக் குளிசைக் காட்டை (அட்டையை) எடுத்துக் கையில் தந்தா. "இந்த எஸ்ஸும் ஆரும் என்னெண்டு தெரியுமோ பிள்ளை?" தெரியும். மெதுவாக விடுகிற குளிசை. சோதனையில் எழுதிப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். உரலுக்குள் போடும்போது மட்டும் தெரியவில்லை.

அந்த மாதம் லீவில் வீட்டை போனபோது அப்பாவிடம் சொன்னேன். எங்களுடைய ஊர் வன்னியில் முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரை. அப்பா மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர், குளத்துத் துருசால் (மதகால்) வரும் தண்ணீரை நம்பியே வயல் செய்தவர். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டிய மருந்து ஒரேயடியாகப் போய்விட்டது என்று விளங்கப்படுத்தினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அப்ப நீ துருசைத் திறக்கேல்லை. குளக்கட்டையெல்லோ வெட்டி விட்டிருக்கிறாய்."

மூன்று வருஷப் படிப்பு அந்த ஒரு வசனத்தில்தான் எனக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு எந்த மருந்தைக் கையில் எடுத்தாலும் குளம்தான் ஞாபகத்துக்கு வரும்.

வன்னி ஆட்களுக்குக் குளக்கணக்கு சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிறுபோகம், அதாவது கோடை விதைப்பு, பேசுகிற கூட்டத்தில் முதல் கேள்வியே "குளத்தில எத்தினை அடி நிக்குது?" என்பதுதான். அதை வைத்துத்தான் ஆளுக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். எவ்வளவு மழை பெய்தது என்பது அந்த நேரம் பேச்சில்லை. இப்ப எவ்வளவு நிற்கிறது, எத்தனை நாளைக்குக் காணும், அதுதான் பேச்சு. உடம்புக்குள் போன மருந்துக்கும் கேட்க வேண்டியது அதே கேள்விதான். எத்தனை மில்லிகிராம் கொடுத்தோம் என்பது மழைக்கணக்கு. இந்த நிமிஷம் ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதே அடிக்கணக்கு.

அரைவாழ்வுக்காலம் என்று புத்தகத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ரத்தத்தில் இருக்கிற மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், அவ்வளவுதான். 100 இருந்தால் ஒரு அரைவாழ்வில் 50, அடுத்ததில் 25, பிறகு 12.5, பிறகு ஆறேகால், ஐந்தாவதில் மூன்று சொச்சம். பிள்ளைகள் கேட்பார்கள், ஏனக்கா ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறையாமல் பாதி பாதியாகக் குறையுது என்று. துருசடியில் நின்று பாருங்கள் என்பேன். குளம் நிறைந்திருக்கும்போது திறந்தால் இரைந்துகொண்டு பாயும். அடி இறங்க இறங்க வேகம் குறையும். கடைசியில் ஊருகிற மாதிரித்தான் வரும். கூட நின்றால் கூடப் போகும், குறைய நின்றால் குறையப் போகும். ஈரலும் சிறுநீரகமும் பெரும்பாலான மருந்துகளை இப்படித்தான் வெளியேற்றுகின்றன.

முதல் நாள் ஏன் கூடக் கொடுக்கிறார்கள் என்பதை மலேரியாக் காலத்தில் இருந்தவர்கள் அனுபவித்தே அறிந்தவர்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் வராத வீடு எங்களுடைய பக்கத்தில் இல்லை. அம்மாவுக்கு குளோரோகுயின் முதல் நாள் நாலு, இரண்டாம் நாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு. அந்தக் கைப்பு இன்றைக்கும் என் அடிநாக்கில் இருக்கிறது. எனக்கு அரைக் குளிசையைச் சர்க்கரைக்குள் வைத்துத் தருவார்கள், சர்க்கரை கரைந்து போகும், குளிசை நாக்கில் நிற்கும். குளோரோகுயின் ரத்தத்தில் மட்டும் தங்குகிற மருந்தல்ல. தசை, ஈரல் என்று உடம்பெல்லாம் போய் ஒளித்துக்கொள்ளும். வெடித்துக் கிடக்கிற குளத்தில் முதல் மழை பெய்தால் தண்ணீர் தெரியாது, நிலம் குடித்துவிடும். அதற்காகத்தான் தொடக்கத்தில் நாலு நாலாகக் கொடுத்தது. அப்படி நிலம் குடித்த மருந்து பிறகு வாரக்கணக்காக மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும். 2012 ஒக்டோபரோடு இலங்கையில் உள்ளூர் மலேரியாப் பரவல் நின்றது, 2016 இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றும் தந்தது. இப்ப வருகிற நேர்ஸ் பிள்ளைகளுக்கு மலேரியா ஒரு பாடம் மட்டும்தான். வரலாறு படிக்கிற மாதிரிப் படிக்கிறார்கள்.

சீனி வருத்தக்காரருக்கு இந்தக் குளக்கணக்கு உயிர்க்கணக்கு. ஒரு வைகாசி விசாகம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த ஒரு ஆச்சியை மகன் ஓட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். பேச்சு மூச்சில்லை, சேலையெல்லாம் வேர்வையில் நனைந்து போயிருக்கிறது. விரலில் குத்திப் பார்த்தால் சீனி 38. டெக்ஸ்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றி ஐந்து நிமிஷத்தில் ஆச்சி கண்ணைத் திறந்து, "என்ர நேத்திக்கடன் பானை எங்கை?" என்று கேட்டா. வாட்டே சிரித்தது.

மகன் சொன்னார், "எழும்பிட்டாதானே மிஸ், கூட்டிக்கொண்டு போகட்டோ? பொங்கல் முடியப்போகுது."

நான் ஆச்சியிடம் கேட்டேன், "குளிசை எப்ப குடிச்சனீங்கள் ஆச்சி?"

"விடிய ஆறு மணிக்கு. விரதமெண்டாலும் மருந்தை விடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ பிள்ளை. வெறுந்தண்ணியோட குடிச்சனான்."

ஆச்சியில் பிழையில்லை. மருந்தை விடவேண்டாம் என்று சொன்ன நாங்கள், சாப்பிடாமல் குடிக்கவேண்டாம் என்பதைச் சொன்னோமோ தெரியாது. அவ குடித்தது கிளிபென்கிளமைட். அது ரத்தத்தில் சீனி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைப் பிடித்து இன்சுலினைக் கக்கப்பண்ணும். அதன் வேலை ஒரு நாள் முழுக்க நீளலாம். ஈரல் அதை உடைத்த பிறகு வரும் துண்டுகளுக்கும் கொஞ்சம் வீரியம் உண்டு, அவற்றில் ஏறக்குறையப் பாதி சிறுநீரகத்தால்தான் போக வேணும். ஆச்சியின் கிளினிக் கொப்பியில், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியற்றினின் ஏற்கனவே கூட. நாங்கள் ஏற்றிய குளுக்கோஸ் ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும், குளிசை தீராது. மகனுக்கு முகம் கறுத்துவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்குச் சோறு கொடுத்த பிறகும் திரும்பக் குத்தினோம், 52. அதைக் கண்ட பிறகு மகன் ஒன்றும் கதைக்கவில்லை, அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துவிட்டார்.

குளத்துக்கு வெளிவாய்க்கால் அடைபட்டால் அளவாகப் பெய்த மழையும் வெள்ளம்தான். சிறுநீரகம் பழுதான ஆளுக்கு வழமையான அளவில் சீனிக்கான மெற்போமினோ கிருமியைக் கொல்லும் ஜென்ரமைசினோ கொடுப்பது அப்படித்தான். எங்களுடைய பக்கத்தில் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டுபிடித்த, காரணம் இன்னதென்று தீராத அந்தச் சிறுநீரக வருத்தம் வவுனியா, முல்லைத்தீவு கமக்காரரையும் விட்டுவைக்கவில்லை. தண்ணீர், வெயில், கிருமிநாசினி என்று பல பேச்சு இருக்கிறது. நான் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஏற்கனவே பழுதாகிற வாய்க்காலுக்குள் நாங்களாகவே மண்ணைக் கொட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நோக் குளிசையைச் சொல்லுகிறேன். காலபோகத்துக்கு நாற்று நட்டு, களை பிடுங்கி, மூடை தூக்கி நாரி விட்டுப்போனவருக்கு டைக்குளோபினாக் ஒரு காட் போதும், அடுத்த நாளும் வயலுக்குப் போகலாம். நான் குறை சொல்ல மாட்டேன், என் அப்பாவும் குடித்தவர். குற்றம் அது வேலை செய்கிற விதத்தில் இருக்கிறது. நோவையும் வீக்கத்தையும் உண்டாக்குவது புரொஸ்ரகிளாண்டின் என்ற சாமான், குளிசை அதன் உற்பத்தியை நிறுத்துகிறது. அதே புரொஸ்ரகிளாண்டின்தான் உடம்பில் தண்ணீர் வற்றும் நேரம் சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகிற வாசலை அகலப் பிடித்து வைத்திருக்கிறது. மத்தியான வெயிலில், வேர்த்து, ஒரு போத்தல் தண்ணீருடன் ஆறு மணித்தியாலம் நிற்கிற ஆளுக்கு அந்தப் பிடிதான் காவல். குளிசை நாரிக்குப் போகும்போது அந்தக் காவலையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. நாரி என்றும் சிறுநீரகம் என்றும் அதற்குத் தெரியாது. மருந்து போகிற இடத்தை நாங்கள் சொல்லி அனுப்ப முடியாது, அது எல்லா இடமும்தான் போகும்.

நாக்குக்குக் கீழே வைக்கிற நெஞ்சுநோக் குளிசையும் ஒரு தனிக் கதை. தேத்தண்ணியுடன் விழுங்கிவிட்டு "ஒண்டும் கேக்கேல்லை மிஸ்" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். குடலால் போனால் அது முதலில் ஈரல் வழியாகத்தான் போகவேணும், ஈரல் அதில் பெரும்பங்கை உடைத்துவிடும். நாக்கின் கீழ் ரத்தக் குழாயால் போனால் ஈரலைச் சுற்றிக்கொண்டு நேரே போய்விடலாம். கண்ணாடிப் போத்தலில் தந்ததைச் சொப்பிங் பையில் கொட்டி முடிந்து வைத்திருக்கிறவர்களும் உண்டு. அந்த மருந்து ஆவியாகப் போகிற சாதி, பிளாஸ்ரிக்கில் ஊறியும் போகும். பைக்குள் மிஞ்சுவது வெறும் மாக்குளிசை.

பனடோல் வேறு, பரசிற்றமோல் வேறு என்று நினைத்து இரண்டையும் குடிக்கிறவர்களைக் காணும்போது எனக்குப் பேராசிரியர் சேனக பிபிலேதான் ஞாபகம் வருவார். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்று இந்த நாட்டில் கரைச்சல் பட்டவர் அவர். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்ததற்குப் பின்னால் நின்ற மருந்தியல் பேராசிரியர். ஒரு நாளைக்கு வளர்ந்த ஆளுக்கு 500 மில்லிகிராம் குளிசை எட்டுத்தான் உச்சம். காலையில் வீட்டுப் பனடோல், பிறகு ஆஸ்பத்திரிப் பரசிற்றமோல் என்று போனால் எட்டு எப்படித் தாண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பழியை ஈரல்தான் சுமக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் கள்ளி. குளக்கணக்கு எல்லாவற்றுக்கும் சரிவராது. அஸ்பிரின் சில மணித்தியாலத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். ஆனால் அது தொட்ட ரத்தத் தட்டுக்கள் சாகும்வரைக்கும் முடம்தான், அவற்றின் ஆயுள் ஏழு தொடக்கம் பத்து நாள். தண்ணீர் வடிந்துவிட்டது, வயலில் நடந்தது நடந்ததுதான். இதை எனக்குச் சரியாக விளங்க வைத்தது ஒரு புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்).

மாசி மாதம், அறுவடைக் காலம். இப்ப வெட்டு மெசின் வந்துவிட்டது, ஆனாலும் மெசினுக்கு வழிகாட்ட, மூடை காக்க ஆட்கள் இரவில் வரம்பால் நடந்துதான் ஆகவேணும். இரவு பத்தேகாலுக்கு ஒரு அண்ணையை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். "பூச்சி தொட்டிட்டுது" என்றார் பெண்சாதி. இரவில் பாம்பின் பேரைச் சொல்லமாட்டார்கள். கூட வந்த பொடியன் ஒரு யூரியாப் பையை அவிழ்த்துக் காட்டினான். பாம்பின் முதுகில் சங்கிலிக் கோர்வை மாதிரி வட்டம் வட்டமாக. அண்ணையின் கால் முழங்கால் வரை வீங்கிப்போயிருந்தது. முதலில் பரியாரியார் (நாட்டு வைத்தியர்) வீட்டை போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

சுத்தமான கண்ணாடிக் குழாய், ஒரு மில்லிலீற்றர் ரத்தம், 20 நிமிஷம் தொடாமல் வைக்க வேணும். ஆட்டிப் பார்க்கக் கூடாது. மெசின் ஒன்றும் தேவையில்லாத இந்தச் சோதனையில் எனக்கு ஒரு பயபக்தி இருக்கிறது. மேசையில் நிமிர்த்தி வைத்து மணிக்கூட்டைப் பார்த்தபடி அண்ணையின் கண் இமையையும் பார்த்துக்கொண்டிருந்தேன், மேலே பார்க்கச் சொன்னால் இமை சரிகிறதா என்று. 20 நிமிஷம் கழித்துக் குழாயைச் சரித்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. இறுகவேண்டிய ரத்தம் இறுகவில்லை.

விஷமுறிவு மருந்துக்கு முன்னம் அட்ரினலின் 0.25 மில்லிலீற்றர் தோலுக்குக் கீழே. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்தில் இருந்து வருகிறது, ஒவ்வாமை கடுமையாக வரலாம். அதைத் தடுக்க இந்தச் சின்ன ஊசி உதவும் என்று காட்டிய ஆய்வு எங்களுடைய நாட்டிலேயே ஆயிரத்துச் சொச்ச நோயாளரிடம் செய்து 2011 இல் வெளிவந்தது. நாங்கள் முந்தி நம்பிக்கொண்டிருந்த ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசினும் அதில் கைகொடுக்கவில்லை. பிறகு இருபது குப்பி. ஒவ்வொன்றாகக் கரைக்க வேணும். குலுக்கினால் நுரைத்துப்போகும், உருட்டி உருட்டித்தான் கரைக்கலாம். பொறுமையில்லாத ஆளுக்கு இந்த வேலை சரிவராது.

மருந்து ஏறி முடிந்து ஒரு மணித்தியாலமாகியும் ஊசி குத்திய இடத்தால் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பெண்சாதி கேட்டா, "மருந்து போட்டும் நிக்கேல்லையே தங்கச்சி, இன்னும் போடுங்கோவன்."

என்னுடன் நின்ற புதுப் பிள்ளையும் அதைத்தான் கண்ணால் கேட்டது. விஷமுறிவு மருந்து ரத்தத்தை இறுக வைக்கிற மருந்து இல்லை. ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைப் பிடித்துக் கட்டும், அதோடு அதன் வேலை சரி. விஷம் தின்று முடித்த உறைபுரதங்களை அது திருப்பித் தராது. ஈரல் புதிதாகச் செய்ய வேணும், அதற்கு மணித்தியாலக் கணக்கு வேணும். ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் திரும்ப ரத்தம் எடுத்துக் குழாயில் வைப்போம். அதற்கிடையில் கூட ஊற்றிப் பிரயோசனமில்லை.

விடியப்புறம் ஐந்தரைக்கு இரண்டாவது குழாய். 20 நிமிஷம் முடிய, அந்தப் பிள்ளையையே சரித்துப் பார்க்கச் சொன்னேன். சரித்தது. இன்னும் சரித்தது. தலைகீழாகப் பிடித்தது. கட்டி அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

அண்ணை கால் உளைகிறதென்று முனகத் தொடங்கினார். பெண்சாதி உடனே தலையணைக்குக் கீழே கையை விட்டு ஒரு சொப்பிங் பையை எடுத்தா. அதற்குள் டைக்குளோபினாக் காட். நான் எட்டி வாங்கிக்கொண்டேன். பத்துக் குளிசைக் காட்டில் எட்டுத்தான் இருந்தது.

"ரெண்டு குறையுது அக்கா. எப்ப குடுத்தனீங்கள்?"

"பரியாரியார் வீட்டை போக முன்னம். ஒரு எட்டு மணி இருக்கும். நோகுதெண்டு கத்தினவர், என்ன செய்ய?"

எட்டு மணி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பாதியாகிற மருந்து, ரத்தத்தில் இப்ப அனேகமாக ஒன்றும் மிச்சமில்லை. புடையன் விஷம் சிறுநீரகத்தையும் தேடிப் போகிற விஷம். அந்த நேரம் பார்த்து வாசலையும் ஒடுக்கியிருக்கிறோம். நோயாளியின் ரிக்கற்றில் நேரத்தையும் அளவையும் எழுதி, டொக்டருக்குச் சொல்லச் சொல்லிப் பிள்ளையை அனுப்பினேன். குனிந்து யூரின் பையைப் பார்த்தேன். இரவு ஒரு மணிக்கு வெறுமையாக்கினது. இப்ப அறுபது மில்லிலீற்றர் இருக்கும், பிளேன்ரீ நிறத்தில். பையில் பேனையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 5.55 என்று எழுதினேன்.